வாழைப்பழம் சொல்லத் தெரியாதவனின் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ரொட்டியை வைத்து அமைக்கப்பட்ட ஒரு நிறுவல் கலைக் கண்காட்சியைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக அச்சாகியிருந்தன. தலைப்புதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது: ‘உணவுக்கு மொழி தேவையில்லை’. கட்டுரை முழுவதும் அதே பாட்டுதான். பசி எல்லோருக்கும் பொது, ருசி எல்லோருக்கும் பொது, ஏழு நாட்டு ரொட்டி ஒரே மேசையில் சமாதானமாக இருந்தது, சொற்கள் பிரிப்பதை உணவு சேர்த்துவைக்கிறது. படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேசையில் இருந்தவை ஏழு நாட்டு ரொட்டிகள் அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கண்காட்சியின் தமிழ்க் குறிப்பு அட்டைகளை எழுதியவன் நான்தான். அதற்குக் கூலியும் வாங்கினேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவன். எனவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த மேசையருகே முதல் நாளும் கடைசி நாளும் இருந்தேன். உங்கள் கட்டுரையாளர் மூன்றாம் நாள் மாலை வந்து போயிருக்கிறார். கோளாறு முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

நீண்ட மரமேசை. அதன் பின்னால் ஏழு நாற்காலிகள், ஏழு மனிதர்கள், ஒவ்வொருவர் முன்னும் துணியால் மூடிய ஒரு கூடை. ஏழு கூடைகளிலும் இருந்தது ஒரே ரொட்டி. ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே வடிவம், ஒரே கை சுட்டது. வேறுபாடு பெயரில் மட்டும். ஒரு கூடைக்கு முன்னால் போய் நின்றால், அங்கே அமர்ந்திருப்பவர் தம் மொழியில் அதன் பெயரைச் சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி சொல்வார். மறுபடி சொல்ல வேண்டும். அவர் தலையசைத்தபின் ஒரு துண்டு கிடைக்கும். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்தக் கலைஞர் வகுத்த ஒரே விதி. பத்து முறை தவறினாலும் பதினோராம் முறை சொல்லித் தர வேண்டும்.

முதல் நாள் அதைப் பார்க்க வேண்டும் நீங்கள்! எகிப்து அரபியில் ரொட்டிக்கு ‘அய்ஷ்’ என்று பெயர். உயிர், வாழ்வு என்ற பொருளுள்ள சொல். 2011-இல் கெய்ரோவில் கூடிய மக்கள் ‘ரொட்டி, விடுதலை, சமூக நீதி’ என்று முழங்கியபோது முதலில் வந்த சொல் அதுதான். எழுதிப் பார்த்தால் எளிது. அதன் முதல் ஒலி தொண்டையின் அடியிலிருந்து எழும்ப வேண்டும். நம்மவர்களுக்கு இருமல்தான் எழும்பியது. ஜார்ஜிய மொழிக் கூடையின் முன் எல்லோரும் தைரியமாகப் போனார்கள். காரணம், அங்கே ரொட்டியின் பெயர் ‘புரி’. நம் பூரிதானே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர்களை அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். அந்தப் பகரம் நம் பகரம் அல்ல. மூச்சை அடக்கி, பட்டென்று வெடிக்கவிட வேண்டிய ஒன்று. ஒரு பெரியவர் ஒன்பது முறை முயன்று, பத்தாம் முறை வெற்றி பெற்று, ரொட்டியைத் தின்னாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பாரசீகக் கூடையில் பெயர் ‘நான்’. ஒரு சிறுமி போய் நின்று ‘நான்’ என்றாள். உடனே கிடைத்தது. அம்மாவிடம் ஓடிவந்து, நான் என்று சொன்னாலே தருகிறார்கள் என்றாள். அதற்குமேல் நான் அட்டையில் என்ன எழுதிக் கிழித்திருக்கப் போகிறேன்?

எபிரேய மொழிக் கூடையையும் எகிப்தியக் கூடையையும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். எபிரேயத்தில் ரொட்டி ‘லெஹெம்’. அதே வேர் அரபியில் ‘லஹ்ம்’. அங்கே அது இறைச்சி. பெத்லகேம் என்ற ஊர்ப்பெயர் ஒரு மொழிக்கு ரொட்டி வீடு, மற்ற மொழிக்கு இறைச்சி வீடு. ஒரே வேர்ச்சொல், இரண்டு பந்தி. இதை விளக்கி அட்டையில் ஆறு வரி எழுதியிருந்தேன். இரண்டு வரியாக வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். அந்தத் தொழில் எனக்குப் புதிதல்ல.

இரண்டாம் நாள் இறுதியில் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டதாம். மூன்றாம் நாள் காலையில் ஏற்பாட்டாளர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். பேச்சு வேண்டாம், கூடைகளைத் திறந்துவையுங்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்கள். பெயர் அட்டைகள் ரொட்டியை மறைக்கின்றன என்று சுவரோரமாக நகர்த்தப்பட்டன. அன்று மாலைதான் உங்கள் கட்டுரையாளர் வந்தார். ஊமையாக்கப்பட்ட மேசையைப் பார்த்தார். மொழி தேவையில்லை என்று எழுதிவிட்டார். நாக்கை அறுத்துவிட்டு, பாருங்கள் எவ்வளவு அமைதியான குழந்தை என்று சொல்வதைப் போல. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் ஏழு கூடையிலும் ஒரே ரொட்டி என்பதைத் தின்று பார்த்தும் கண்டுபிடிக்கவில்லையே, அதுதான் எனக்கு வியப்பு. ஒரே ரொட்டியை ஏழு முறை தின்பதற்கு யாரும் ஒரு கலைஞரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மொழி தேவையில்லை என்ற வாக்கியத்தில் என்னைக் குத்துவது இன்னொன்று. உணவின் பெயரைச் சொல்லச் சொல்லி மனிதனைத் தரம் பிரித்தது வரலாற்றில் ஒருமுறை அல்ல. விவிலியத்தில் நியாயாதிபதிகள் நூலின் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோர்தான் ஆற்றுத் துறையில் கீலேயாத்தியர் நிற்கிறார்கள். தப்பி ஓடிவரும் எப்பிராயீமியரை அடையாளம் காண ஒரு சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள்: ஷிபோலேத். தானியக் கதிர் என்று அதற்கு ஒரு பொருள். ‘சிபோலேத்’ என்று சொன்னவனை அங்கேயே வெட்டினார்கள். செத்தவர்கள் 42,000 பேர் என்கிறது அந்நூல். மெய்ப்புத் திருத்துபவனாக இந்த இடத்தில் எனக்கு ஒரு நடுக்கம் உண்டு. கிரந்த எழுத்தை விலக்கிய தமிழில் அந்த வசனத்தை அச்சிடவே முடியாது. ‘ஷ’ இல்லையென்றால் இரண்டு சொல்லும் ஒன்றுதான். கொன்றவனும் செத்தவனும் ஒரே எழுத்தில் வந்து நிற்பார்கள். தனித்தமிழ் அன்பர்கள் என்மேல் பாய வேண்டாம். நானும் பல பக்கங்களில் ஷகரத்தை அடித்துச் சகரம் போட்டவன்தான். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கை வராது.

1282-இல் சிசிலியின் பலெர்மோவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, சந்தேகப்பட்டவனிடம் ‘சீச்சிரி’ என்று சொல்லச் சொன்னார்களாம். கொண்டைக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். பிரெஞ்சு நாக்குக்கு வராது. நெதர்லாந்தின் பிரீசிய மக்களிடம் பதினாறாம் நூற்றாண்டுக் கிளர்ச்சியைப் பற்றி வழிவழியாக வரும் கதையில் சோதனைச் சொல் ஒன்றல்ல, ஒரு தட்டு முழுவதும்: வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி. இதைச் சரியாகச் சொல்ல முடியாதவன் உண்மையான பிரீசியன் அல்லன் என்று இன்றும் அவர்கள் பழமொழி போலச் சொல்கிறார்கள். பழைய கதைகள்தானே என்று தள்ள வேண்டாம். 1937 அக்டோபரில், டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் படையினர் எல்லைப் பகுதியில் ஹெய்ட்டி மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். ஒரு கொத்துக் கீரையைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்பது அந்த நாட்களைப் பற்றிய நினைவாக நிலைத்துவிட்டது. ‘பெரெஹில்’. பார்ஸ்லி. அந்தப் படுகொலைக்கே கீரையின் பெயர்தான் வழங்குகிறது. கொத்தமல்லிபோல் இருக்கும் ஒரு தழை, ஐயா.

நாமும் இதற்கு வெளியே இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னதைத் தப்பியவர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அது உணவு அல்ல; ஆனால் எனக்கு இதே மேசைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கலைஞர் செய்தது இந்தச் சோதனையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தது. அங்கே தவறாகச் சொன்னால் உயிர் போகும். இங்கே தவறாகச் சொன்னால் மறுபடி சொல்லித் தருவார்கள், பிறகு ரொட்டி கிடைக்கும். பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அன்னதானம். அன்னதானத்தைக் குறைசொல்லவில்லை, அதற்கு அரைப்பக்கக் கட்டுரையும் கலை விமரிசனமும் தேவையில்லை.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ழகரம் வராது. சிறுவயதிலிருந்தே வராது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வார்கள். ‘வாளைப்பளம்’ என்பேன். வகுப்பு சிரிக்கும். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த கதை இருக்கிறதே, அதில் கிழவனுக்கு முன்னால் நான் விழுந்திருக்கிறேன். அதே ஆள் பின்னாளில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறர் எழுத்தில் ழகர ளகரப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திச் சம்பளம் வாங்கினான். தாளில் ஒரு ழகரத்தைத் தப்பவிட்டதில்லை; நாக்கில் ஒன்றைப் பிடித்ததும் இல்லை. 2019-இல் மயாமி கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் நாடாவால் ஒட்டிவைத்தார்களே, மவுரிசியோ கத்தெலான் என்ற இத்தாலியர், நினைவிருக்கிறதா? 2024-இல் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் பழத்தைத் தின்றும் விட்டார். ஊரெல்லாம் விலையைப் பற்றிப் பேசிச் சிரித்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது நினைத்தது வேறு. நல்ல வேளை, அதன் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று மயாமியில் யாரும் சொல்லவில்லை.

கட்டுரையாளர் சில முன்னோடிகளைத் துணைக்கு அழைத்திருக்கிறார். தாய்லாந்துக் கலைஞர் ரிர்க்ரித் திரவானிஜா 1990-இல் நியூயார்க் காட்சிக்கூடம் ஒன்றில் ‘பாட் தாய்’ சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறினார். பேச்சில்லாத விருந்தோம்பல் என்கிறார் கட்டுரையாளர். அந்த உணவின் பெயரிலேயே ஒரு நாடு உட்கார்ந்திருக்கிறதே! 1939-இல் சயாம் என்ற பெயரை மாற்றித் தாய்லாந்து ஆக்கிய பிரதமர் பிபூனின் அரசுதான் அந்த நூடுல்ஸை நாட்டு உணவாகப் பரப்பியது என்று சொல்வார்கள். சீனர்கள் கொண்டுவந்த நூடுல்ஸின் மேல் ‘தாய்’ என்ற சொல் ஏறியது. அதே அரசு 1942-இல் தாய் எழுத்துகளிலும் கைவைத்தது. சிலவற்றை விலக்கி எழுத்துமுறையைச் சுருக்கியது. 1944-இல் ஆட்சி போனதும் பழைய எழுத்துகள் திரும்பி வந்துவிட்டன. அந்தக் காலத்து பாங்காக் மெய்ப்புத் திருத்துநர்களை நினைத்து நான் வருந்துவதுண்டு. வாணலியில் வதங்கியது நூடுல்ஸ் மட்டுமல்ல என்பதைச் சொல்ல வந்தேன்.

ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸின் மிட்டாய்க் குவியலையும் சொல்கிறார். 1991-இல் அவர் அமைத்தது. எய்ட்ஸ் நோயால் இறந்துபோன தம் காதலர் ராஸின் உருவப்படம் அது. குவியலின் எடை 175 பவுண்டு, ஒரு மனிதனின் எடை. வருகிறவர்கள் மிட்டாயை எடுக்க எடுக்க எடை குறையும், மறுபடி நிரப்புவார்கள். சிகாகோ கலைக்கூடத்தில் இந்தக் குவியலுக்கு அருகே இருந்த குறிப்பு 2022-இல் மாற்றி எழுதப்பட்டபோது, ராஸின் நோயைப் பற்றிய வரி காணாமல் போயிருந்தது. மிட்டாய் அப்படியே இருந்தது, ஓர் அவுன்சு குறையவில்லை. ஆனால் மனிதன் போய்விட்டான். வாசகர் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், இணையத்திலும் கண்டனம் கிளம்பியது, கலைக்கூடம் குறிப்பைத் திருத்தியது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிற பழக்கத்தை விடாமல் வைத்திருப்பதற்கு எனக்கு இப்போது ஒரு நியாயமும் கிடைத்திருக்கிறது.

கட்டுரையில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். மைக்கேல் ராகோவிட்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், தாய்வழியில் ஈராக்கிய யூதர். புரூக்ளினில் ஒரு கடையில் பேரீச்சம்பழப் பாகு வாங்குகிறார். டப்பாவில் ‘லெபனான் பொருள்’ என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் சொல்கிறார், அது பக்தாதில் காய்ச்சியது. எல்லை தாண்டி லெபனானுக்குப் போய் முத்திரை வாங்கி வந்திருக்கிறது. ருசி ஈராக், பெயர் லெபனான். அந்த ஒரு பொய் முத்திரையிலிருந்து அவருடைய பல ஆண்டு வேலை கிளம்பியது. ஈராக்கின் பழைய நகரமான நினிவேயின் வாசலில் நின்று 2015-இல் ஐ.எஸ். அமைப்பினரால் உடைக்கப்பட்ட சிறகுள்ள காளைச் சிலையை, 10,500 காலி டப்பாக்களால் மறுபடி உருவாக்கி 2018-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார். பாகு இல்லை. டப்பாவும் அதன் மேலிருந்த சொல்லும்தான் சிலை. உணவுக்கு மொழி தேவையில்லை என்பவர் அந்தச் சிலையை எப்படிப் பார்ப்பார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

இனி என் தவிப்புக்கு வருகிறேன். ‘ரொட்டி’ என்று இந்தக் கடிதம் முழுவதும் எழுதிக்கொண்டு வருகிறேனே, அட்டைகளில் அதை எழுதுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ‘ரொட்டி’ வடக்கிலிருந்து வந்தது. ‘பிரெட்’ என்றால் பேச்சில் போகும், அட்டையில் உறுத்தும். ‘அப்பம்’ என்று எழுதலாமா என்றால், நம் வாசகனுக்குத் தோன்றும் அப்பம் வேறு. தமிழ் விவிலியமே இங்கே இரண்டு மனமாக இருந்திருக்கிறது: யோவானில் ‘ஜீவ அப்பம்’, மலைப்பொழிவின் ஜெபத்தில் அதே ரொட்டி ‘ஆகாரம்’. மொழிபெயர்த்தவர்களின் சங்கடத்தை நான் முழுமையாக உணர்கிறேன். ஈழத்தில் ‘பாண்’ என்கிறார்கள். போர்த்துக்கீசியரின் ‘பாவ்’ என்ற சொல் 1505-க்குப் பிறகு கப்பலோடு வந்து இறங்கியது. சிங்களத்திலும் அதே சொல்தான். ஜப்பானியத்தில் ‘பான்’. அங்கேயும் அதே கப்பல், 1543-க்குப் பிறகு. மேசையில் இந்த இரண்டு கூடைகளும் இருந்தன. அட்டையை அச்சிட்டவர்கள் ஈழத்துக் கூடைக்குப் ‘பான்’ என்றும் ஜப்பானியக் கூடைக்குப் ‘பாண்’ என்றும் போட்டுவிட்டார்கள்! திறப்பு நாளன்று காலையில் பார்த்தேன். ஒரு சுழியில் இரண்டு பேரின் ஊரை மாற்றிவைத்திருக்கிறார்கள். புதிதாக அச்சிட நேரமில்லை. இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் மேசைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றேன். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக ஒரு பிழை திருந்தியதில்லை.

கலைஞர் வந்து சண்டை பிடித்ததன் பேரில், கடைசி நாள் பேச்சு மறுபடி தொடங்கியது. கூட்டம் குறைவு. நான் ஈழத்துக் கூடையின் முன் போய் நின்றேன். ஐம்பதைத் தாண்டிய அம்மையார். தமிழ் தெரிந்தவருக்குப் பாண் என்று சொல்வது ஒரு சோதனையா என்று அவரே சிரித்தார். பிறகு, என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், வேறொரு சொல் கேட்கட்டுமா ஐயா என்றார். எந்தச் சொல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்தாறு வயதில் மறுபடி வகுப்பில் எழுந்து நின்றேன்.

“வாளைப்பளம்” என்றேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம் என்று சொல்லி, துணியை விலக்கி, ஓரத்துத் துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்

பி.கு.: அதே இணைப்பின் மூன்றாம் பக்கத்தில் ‘கோதுமை’ இரண்டு இடங்களில் ‘கோதுமய்’ என்று வந்திருக்கிறது.